மச்சான் கைகாட்டிய புல்டோசர்

அந்தப் புல்டோசரை நான் வாங்கியது மச்சான் பேச்சை நம்பித்தான். எழுபதுகளின் கடைசி. பெரம்பலூர் பக்கம் புதிதாகக் கிணறு வெட்டுகிறவர்களும், கரடுமுரடான மேட்டு நிலத்தைச் சமப்படுத்துகிறவர்களும் பெருகிக்கொண்டிருந்தார்கள். சொந்தமாக ஒரு வண்டி இருந்தால் பூலாம்பாடியிலிருந்து ஜெயங்கொண்டம் வரைக்கும் வேலைக்குப் பஞ்சமே வராது என்று எனக்குத் தோன்றியது. ஓட்டத் தெரியும். ஓர் அணைக்கட்டு வேலையில் கலாசியாக, அதாவது எடுபிடி ஆளாகச் சேர்ந்து, டீசல் டின் தூக்கி, அங்கேயே ஆபரேட்டர் ஆனவன் நான்.

அவனும் அதே அணைக்கட்டில் ஆபரேட்டர் ஆனவன்தான். ஜெயங்கொண்டத்துக்காரன். இருவரும் ஒரே தகரக் கொட்டகையில் படுத்து, ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிட்டவர்கள். எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது என் ஷிப்ட்டையும் சேர்த்து ஓட்டி, என் வேலை போய்விடாமல் பார்த்துக்கொண்டவன். என் கல்யாணத்துக்கு வந்தவன் என் மனைவியை "தங்கச்சி" என்று கூப்பிட்டான். அன்றிலிருந்து நான் அவனுக்கு மாப்ள, அவன் எனக்கு மச்சான். ரத்த உறவு எதுவும் கிடையாது. ஆனாலும் ஊரில் பலர் அவனை என் மனைவியின் கூடப்பிறந்தவன் என்றே நினைத்திருந்தார்கள்.

அணைக்கட்டு முடிந்த பிறகு நான் ஊருக்கு வந்துவிட்டேன். அவன் அரியலூரில் சுண்ணாம்புக்கல் குவாரிகளுக்கு மேல்மண் எடுத்துத் தரும் ஒரு காண்ட்ராக்டரிடம் சேர்ந்தான். ஒரு நாள் பஸ் ஏறி வீட்டுக்கே வந்தான்.

"மாப்ள, எங்க மொதலாளி பழைய வண்டியக் குடுக்கறாரு. நான் ஓட்டுன வண்டி. வெளியில விடாத, நீ எடுத்துக்க."

"பழசாச்சே மச்சான். அடியில எப்படி இருக்கு?"

"நான் சொல்றேன்ல? என் கையில இருந்த வண்டிடா."

நேரில் போய்ப் பார்த்தேன். அவனே ஏறி ஓட்டிக் காட்டினான். பெரிய மண்மேட்டை முன்பலகையால் தள்ளினான். இடது பக்கம் திருப்பினான், வலது பக்கம் திருப்பினான். சொன்னபடி கேட்டது வண்டி. பக்கத்தில் போனபோது மண்ணெண்ணெய் வாசம் குப்பென்று அடித்தது. "உனக்காகத்தான் காலையில வண்டிய முழுசாக் கழுவினேன்" என்றான். எனக்கு அதுவே பெருமையாக இருந்தது. என் மனைவியின் நகைகளும், என் பங்குக்கு வந்திருந்த கொஞ்சம் மேட்டு நிலமும் அந்த வண்டியாக மாறின.

புல்டோசருக்கு ஸ்டியரிங் சக்கரம் கிடையாது. சீட்டுக்கு முன்னால் இரண்டு கைப்பிடிகள். இடது கைப்பிடியை இழுத்தால் இடது சங்கிலிக்குப் போகும் ஓட்டம் அறுந்து வண்டி இடது பக்கம் திரும்பும். வலதும் அப்படித்தான். அந்த ஓட்டத்தைக் கொடுப்பதும் அறுப்பதும் சீட்டுக்கு அடியில், பின்பக்கம், பக்கத்துக்கு ஒன்றாக உட்கார்ந்திருக்கும் இரண்டு கிளட்ச்சுகள். தட்டுத் தட்டாக அடுக்கின அந்த கிளட்ச்சுகள் காய்ந்துதான் இருக்க வேண்டும். எண்ணெய் இறங்கினால் தட்டுகள் வழுக்கும். அப்போது நாம் கைப்பிடியைத் தொடாமலேயே வண்டி தன் இஷ்டத்துக்குத் திரும்பும்.

சில வாரம் நன்றாக ஓடியது. ஊரில் என்னை நிறுத்தி வைத்துப் பேசினார்கள். என் அப்பா கூலிக்குக் களை வெட்டின காட்டிலேயே நான் வண்டியோடு போய் நின்றேன். நிலத்துக்காரர் "வாங்க" என்று கூப்பிட்டார். அந்த ஒரு சொல்லுக்காகவே நகை போனது பரவாயில்லை என்று என் மனைவி சொன்னாள்.

பிறகு ஒரு கிணற்று வேலை வந்தது. எங்கள் பக்கத்துக் கிணறுகள் பெரியவை. பாறையை வெடிவைத்துப் பிளந்து, சதுரமாக, கைப்பிடிச் சுவர் இல்லாமல் வாய் திறந்து கிடக்கும். வெட்டிக் கரையில் குவித்த கல்லையும் மண்ணையும் தள்ளி ஒதுக்குவதுதான் என் வேலை. கிணறு என் இடது பக்கம். கனத்த சுமை ஒன்றைத் தள்ளிக்கொண்டிருந்தேன். எஞ்சின் முக்கி முனகியது. திடீரென்று முகப்பு இடது பக்கம் நகர ஆரம்பித்தது. நான் எதையும் இழுக்கவில்லை. வலது கைப்பிடியை இழுத்தேன். வலது சங்கிலி நின்றது. இடது சங்கிலிக்கும் பிடிப்பு இல்லை. கைப்பிடியை விட்டதும் மறுபடியும் கிணற்றைப் பார்த்துத் திரும்பியது. முன்பலகையைத் தரையில் ஊன்றி, மெயின் கிளட்ச்சை அறுத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். இடது சங்கிலிக்கு அடியிலிருந்து கல் ஒன்று பெயர்ந்து போனது. அது தண்ணீரில் விழுகிற சத்தம் வர நேரமானது.

நிலத்துக்காரர் ஓடி வந்தார். "எறங்குங்க, எறங்குங்க" என்று கத்தினார். நான் இறங்கவில்லை. கிளட்ச் ஆறின பிறகு மெதுவாகப் பின்னுக்கு எடுத்து நிறுத்தினேன். அன்றைக்குச் சாயங்காலம் வரைக்கும் வாயில் மண் ருசி போகவில்லை.

அரியலூர் வழியாக ஜெயங்கொண்டம் போகிற லாரி டிரைவர் ஒருவரிடம் மச்சானுக்குச் சொல்லி அனுப்பினேன். மறுநாளே வந்துவிட்டான். கையில் ஒரு பை பலகாரம், தோளில் துண்டு. "தங்கச்சி கைச்சோறு சாப்புட்டு எவ்ளோ நாளாச்சு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே நுழைந்தான். கிணற்று விஷயத்தை ஒன்று விடாமல் சொன்னேன். உச்சுக் கொட்டிக் கேட்டான். "உன் உசுரு கெட்டி மாப்ள" என்றான். என் மனைவி அவனுக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

வண்டியை எங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த காலி மனையில் நிறுத்தியிருந்தேன். போகும்போதே சொன்னான். "இதோட பின்பக்கத்த நான் தொட்டதே இல்ல மாப்ள. அதெல்லாம் மொதலாளியோட மெக்கானிக் பாத்துக்குவாரு. தொறந்து பாத்தாத்தான் தெரியும்."

சீட்டைக் கழற்றினோம். மிதிதகடுகளை எடுத்தோம். இடது கிளட்ச்சின் மேல்மூடி தெரிந்தது. பழைய எண்ணெயும் செம்மண்ணும் கலந்து அதை அப்பி மூடியிருந்தது. வரிசையாக போல்ட்டுகள். அவன் உள்ளே குறுகி உட்கார்ந்து ஒரே ஸ்பானரால் ஒவ்வொன்றாகக் கழற்றி என் கையில் கொடுத்துக்கொண்டே வந்தான். கடைசி போல்ட் பின் மூலையில், டீசல் டாங்குக்கு அடியில். கண்ணுக்கே தெரியாது. அதன் மேல் கை கனத்துக்கு மண். அவன் கை இன்னும் அங்கே போகவில்லை. கையிலிருந்த ஸ்பானரை என்னிடம் நீட்டினான்.

"இது சேராது. அந்தப் பெரிய ஸ்பானரக் குடு."

எடுத்துக் கொடுத்தேன். அவன் மண்ணைச் சுரண்டினான். உள்ளேயிருந்து வந்தது பெரிய போல்ட்தான். எப்போதோ மரை போய், ஓட்டையைப் பெரிதாக்கி வேறு போல்ட் போட்டிருக்கிறார்கள். ஸ்பானர் அதில் கச்சிதமாக உட்கார்ந்தது.

மூடியைத் தூக்கினோம். உள்ளே எண்ணெய் இறங்கித் தேங்கியிருந்தது. அந்த எண்ணெய் வாசத்துக்குள்ளே மண்ணெண்ணெய் வாசம். எனக்கு அப்போதுதான் புரிந்தது. எண்ணெய் இறங்கின கிளட்ச்சை மண்ணெண்ணெய் விட்டு, வண்டியை முன்னும் பின்னும் ஓட்டிக் கழுவினால் சில வாரம் பிடிக்கும். அணைக்கட்டில் அவசரத்துக்கு நாங்களே அப்படிச் செய்திருக்கிறோம். அவன் எனக்காகக் கழுவினது வண்டியின் வெளிப்பக்கத்தை அல்ல.

"மச்சான், அது பெரிய போல்ட்டுன்னு எப்படித் தெரியும்?"

"பாத்தா தெரியுதுல்ல."

"மண்ணு மூடியிருந்துச்சு."

அவன் நிமிரவில்லை. மூடியின் விளிம்பைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

"நீதான் கழுவுனியா?"

"புது வண்டி வருது மாப்ள. பழசு போனாத்தான் எடுப்பேன்னாரு மொதலாளி. எடுத்தா அதுல நான்தான் ஆபரேட்டர்னு சொல்லியிருந்தாரு. எத்தனை வருசம் இந்த ஓட்டை வண்டியிலயே ஒக்காந்திருக்கறது?"

"அதுக்கு நான்தான் கெடைச்சனா? வேற எவனுக்காவது கைகாட்ட வேண்டியதுதான?"

அவன் அப்போதுதான் என்னைப் பார்த்தான். கோபமும் இல்லை, வெட்கமும் இல்லை. நிஜமாகவே யோசித்துச் சொல்கிறவனைப் போலச் சொன்னான்.

"வேற எவன் என் பேச்ச நம்பி வாங்குவான்?"

நான் இறங்கிப் போய்த் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்றேன். அடித்திருக்கலாம். கையில் ஸ்பானர் இருந்தது. ஆனால் அடிக்கக்கூட எனக்குள் ஒன்றும் எழவில்லை. காமாலையில் நான் கிடந்தபோது கீழாநெல்லி அரைத்துக் கொடுத்த கை அது. அந்தக் கையை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று தெரியவில்லை. காலையில் கிணற்றுக் கதையைக் கேட்டபோது உச்சுக் கொட்டினானே, அதுதான் திரும்பத் திரும்ப வந்தது. கழுவினதைக்கூட மன்னித்திருப்பேனோ என்னவோ. அந்த உச்சுக் கொட்டலை என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

போய்விடு என்று சொல்லவும் வழியில்லை. எண்ணெய் கசிகிற சீல் வளையத்தை மாற்ற வேண்டுமானால் கிளட்ச்சை முழுதாக வெளியே தூக்க வேண்டும். ஒருவர் கனம் தூக்கும் செயின் பிளாக்கை இழுக்க, ஒருவர் உள்ளேயிருந்து ஒதுக்கிக் கொடுக்க வேண்டும். கொஞ்சம் பிசகினால் விரல் போய்விடும். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அந்த வேலை தெரிந்த இன்னொரு ஆள் கிடையாது. பேசி வைத்த வேலைகள் நின்றுகொண்டிருந்தன.

"முடிச்சுக் குடுத்துட்டுப் போறேன்" என்று அவனே சொன்னான். நான் கழற்றின போல்ட்டுகளைப் பொறுக்கி ஒரு டின்னில் போட்டேன். அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டான்.

சாயங்காலம் என் மனைவியிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தவள் கையை எடுக்காமல் கேட்டாள்.

"கெணத்துப் பக்கம் வேலைக்குப் போவீங்கன்னு அவருக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா நம்ம வூட்டுல வந்து கை நனைச்சாரு?"

கொஞ்ச நேரம் களைந்த அரிசியையே மறுபடி களைந்தாள். "வேல முடியட்டும். சோறு போடறேன். பேச மாட்டேன்" என்றாள்.

அப்படியேதான் செய்தாள். அதுவரை "அண்ணே, இன்னும் கொஞ்சம் வைக்கட்டா" என்று கேட்டுக் கேட்டுப் போட்டவள், பாத்திரத்தை அவன் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போனாள். அவனுக்கு ஏதாவது கேட்க வேண்டுமென்றால் என்னைப் பார்த்து, "தண்ணி வேணுமான்னு கேளுங்க" என்றாள். அண்ணே என்கிற சொல் எங்கள் வீட்டிலிருந்து போய்விட்டது. அவன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான். ஆனாலும் சாப்பிட்டான்.

மனையோரத்துப் புளியமரக் கிளையில் செயின் பிளாக் கட்டி இரண்டு கிளட்ச்சுகளையும் வெளியே தூக்கினோம். தேய்ந்த தட்டுகளுக்குப் பதில் திருச்சி பழைய சாமான் கடைகளில் நல்லதாகப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். சீல் புதிது. எங்களுக்குள் வேலைக்கான வார்த்தைகள் மட்டும்தான். "தூக்கு." "போதும்." "கை பத்திரம்." அந்தக் "கை பத்திரம்" அவன் வாயிலிருந்து வரும்போதெல்லாம் எனக்குக் கிணற்றில் விழுந்த கல்தான் ஞாபகம் வந்தது. ஆனால் சொல்கிறேன், வேலையில் ஒரு குறை வைக்கவில்லை அவன். ஒவ்வொரு தட்டையும் துடைத்து, வெயிலில் தூக்கிப் பார்த்து, வளைவு இல்லை என்று தெரிந்த பிறகே அடுக்கினான். இந்தக் கவனத்தில் ஒரு துளியை எனக்கு விற்பதற்கு முன் காட்டியிருக்கலாமே என்று நினைக்க நினைக்க, அவன் நன்றாக வேலை செய்வதே எனக்கு எரிச்சலாக இருந்தது.

எல்லாம் முடிந்து மூடியை மாட்டினோம். நானே ஏறி ஓட்டினேன். மனையின் ஓரத்தில் கிடந்த மண்மேட்டை முழுச் சுமையாகத் தள்ளினேன். கோடு கிழித்த மாதிரி நேராகப் போனது. கைப்பிடி இரண்டும் விரல் பட்டாலே கேட்டன.

"சரியா இருக்கா?" என்று கீழேயிருந்து கேட்டான்.

"இருக்கு."

இன்னும் ஏதோ வரும் என்று நினைத்தானோ என்னவோ, அங்கேயே நின்றான். நான் எஞ்சினை அணைக்கவில்லை. சத்தத்தில் பேச முடியாது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டு வாசலுக்குப் போனான். "போயிட்டு வரேன் தங்கச்சி" என்று சொன்னது அவன் வாய் அசைந்ததில் தெரிந்தது. என் மனைவி வாசலில் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை. பெரம்பலூர் பஸ்ஸுக்கு நடந்து போனான்.

வண்டி அதற்குப் பிறகு பல வருடம் எனக்கு உழைத்தது. ஜெயங்கொண்டம் முந்திரிக் காடுகளில் பழைய மரங்களைப் பிடுங்கியது, ஏரிக்கரைகளுக்கு மண் போட்டது, சிமெண்ட் ஆலை வருகிறது என்று ஆலத்தியூர்ப் பக்கம் பாதை வெட்டியது. நல்ல பெயர் வாங்கினேன். ஆனால் யாராவது ஒன்றை "நல்லா இருக்கு, நம்பி எடுங்க" என்று சொன்னால் என் கை தானாக ஸ்பானரைத் தேடும். மாட்டு வியாபாரம் என்றாலும், பெண்ணுக்கு வரன் என்றாலும், சொல்கிறவர் முகத்தைப் பார்த்து எங்கே கழுவியிருக்கிறார்கள் என்று தேடுகிறவனாக ஆகிவிட்டேன். என் மகளே ஒரு முறை, "ஏம்ப்பா எல்லாரையும் திருடன் மாதிரியே பாக்கறீங்க?" என்று கேட்டாள்.

அவனை அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை பார்த்தேன். எண்பதுகளின் நடுவில், ஜெயங்கொண்டத்திலிருந்து விருத்தாசலம் போகிற பஸ்ஸில். முகூர்த்த நாள், சீட்டெல்லாம் நிறைந்திருந்தது. பின்பக்கம் போனபோது ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. பக்கத்தில் அவன். தலை பாதி நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் ஜன்னல் ஓரமாக நகர்ந்து, சீட்டைக் கையால் தட்டினான். நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்டக்டர், "எடம்தான் இருக்கே, ஒக்காருங்க சார்" என்றார். "பரவால்ல, கிட்டத்துலதான் எறங்கணும்" என்றேன். விருத்தாசலத்துக்கு டிக்கெட் எடுத்தவன் அப்படிச் சொன்னதும் அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அவன் முந்திரிக் காட்டு நிறுத்தம் ஒன்றில் எழுந்தான். இறங்க வேண்டுமென்றால் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். தோள் உரசியது.

"தங்கச்சி நல்லா இருக்கா மாப்ள?"

"இருக்கா."

இறங்கிவிட்டான். அங்கே ஏறின ஓர் அம்மாள் அந்த இடத்தில் உட்கார்ந்து, பக்கத்தில் தன் கூடையை வைத்துக்கொண்டார். நான் விருத்தாசலம் வரைக்கும் நின்றுகொண்டேதான் போனேன்.