முனிரத்தினம் பெயரில் ஓடிய தறி

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் எனக்கு இந்தப் பயம் வந்திருக்காது. என் வாய் அப்படிப்பட்டதல்ல. கட்டிய புருஷன் முனிரத்தினம் இருந்தவரை ஒருநாளும் என்னிடம் பேசி ஜெயித்ததில்லை.

அவர் செத்து ஒன்பது வருஷம் ஆகிறது. ஆடி மாதம், சைக்கிளோடு விழுந்தார், எழுந்திருக்கவில்லை. அன்றைக்குத் தறியில் மூன்று சேலைக்கான பாவு நூல் இருந்தது. ஒரு சேலைதான் நெய்து முடித்திருந்தோம். கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினர் அவர்தான். பட்டு நூல் அவர் பெயருக்குத்தான் கொடுப்பார்கள். இந்தப் பாவு முடியட்டும், சங்கத்தில் சொல்லிப் பெயரை மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

பாவு எங்கே முடிகிறது? தீர்வதற்கு முன்பே புதுப் பாவு வாங்கி வந்து, பழைய இழையின் நுனியோடு சாம்பல் தொட்டு ஒவ்வொன்றாக முறுக்கிவிடுவோம். தறி காலியாகவே ஆகாது. அவர் கைநாட்டு வைக்க வேண்டிய இடத்தில் என் கட்டைவிரலை வைத்து நூல் வாங்கி வந்தேன். அப்படியே ஒன்பது வருஷம் போய்விட்டது. சேலையின் கரைக்குத் தனி நூல் என்பதால், பக்கத்தில் உட்கார்ந்து அந்த நாடாக் கட்டையைத் தள்ளப் பக்கத்து வீட்டுத் துளசி வருவாள். தெருவுக்கே தெரியும். சங்கத்து எழுத்தர் கோதண்டபாணிக்கும் தெரியும். காகிதத்துக்கு மட்டும்தான் தெரியாது.

இதை நான் கேமராவுக்கு முன்னால் சொல்லித் தொலைத்தேன்.

தீபிகா ஏனாத்தூர் காலேஜில் படித்த பெண். தறியில் உட்காரும் பொம்பளைகளைப் பற்றிப் படம் எடுக்கிறேன் என்று போன வருஷம் வந்தாள். புதிதாகப் படம் எடுப்பவர்களுக்கு அரசாங்கமே பணம் கொடுக்கிறதாம். நாலு மாதம் வந்து போனாள். எங்கள் வீட்டுக் கூழைக் குடித்தாள். ஒருநாள், "உன் பேர்ல ஏன் ஆயா நெசவாளர் கார்டு இல்ல?" என்று கேட்டாள்.

"நான்தாண்டி முனிரத்தினம். செத்தவன் நெய்யறான், நான் துன்றேன்" என்றேன்.

துளசி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். மைக் என் ரவிக்கையில் குத்தியிருந்தது.

போன மாதம் தீபிகா ஒரு கடிதத்தோடு ஓடி வந்தாள்.

"ஆயா, சினிமா ஆபீஸ் கமிட்டி நம்ம படத்த பாக்க வர்றாங்க! வர்ற ஞாயித்துக்கிழம இங்கியே வர்றாங்க! அவங்க ஓகே பண்ணாதான் கடைசி பணம் வரும், மியூசிக் போட்டு முடிக்கலாம். கைத்தறி ஆபீசரையும் கூப்ட்டிருக்காங்க."

எனக்குப் படிக்கத் தெரியாது. தாளின் தலையில் இருந்த சிங்கத்தைத் தெரியும். முனிரத்தினத்தின் நெசவாளர் அட்டையிலும் அதே சிங்கம்தான், பின்னால் கோபுரத்தோடு.

"இது எந்த கவர்மெண்ட்டு?"

"இது டெல்லி ஆயா. கைத்தறி வேற டிபார்ட்மெண்ட்."

"சிங்கம் ஒன்னுதானேடி?"

அவள் கடிதத்தை மடித்துப் பையில் வைத்தாள்.

அன்றைக்குத் தறியில் உட்கார்ந்தேன். கை ஓடவில்லை.

"இன்னாக்கா, கரை தனியா ஒடம்பு தனியா போய்க்கினு இருக்குது" என்றாள் துளசி. "பிரிச்சுப் போடு." சொன்னதும் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். "பயந்துக்கினு இருக்கியா? ஜெயில்லயும் தறி இருக்குதாம்க்கா."

"அப்போ நீயும் வா. கரைக்கு ஆள் வேணும்."

அவள் சிரித்தாள். தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தேன். ஒன்பது வருஷமாக வைத்த கைநாட்டில் ஒரு ரேகைகூட அவருடையதல்ல. தறியைப் பிடுங்கிக்கொண்டால் அறுபத்தேழு வயதில் யார் வீட்டுப் பாத்திரத்தைத் தேய்ப்பேன்?

மறுநாள் தீபிகாவிடம், "அத வெட்டிடுடி" என்றேன்.

"மொதல்ல அனுப்புனதுல அந்த எடத்த பாத்துட்டுதான் ஆயா நம்ம படத்துக்குப் பணமே குடுத்தாங்க. வெட்டினா மறுபடி மொதல்லேர்ந்து அனுப்பணும், இந்த வருஷம் போயிடும்." மூக்கை உறிஞ்சினாள். "நீ சொன்னா வெட்டிடறேன்."

வெட்டித்தான் இருப்பாள். ஆனால் கமிட்டிக்காரர்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டார்களே. இனிமேல் வெட்டினால் அவள் படம் கெடும், என் வாய் சொன்னது திரும்பி வராது. வெட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வியாழக்கிழமை சங்கத்துக்குப் போனேன்.

"எம் புருஷன் செத்துட்டாரு. எழுதிக்க" என்றேன்.

கோதண்டபாணி கண்ணாடியைக் கழற்றினார். "இன்னாக்கா புச்சா சொல்றே? எழவுக்கு நானே வந்தேனே."

"சினிமாவுல சொல்லிட்டேன்பா. ஞாயித்துக்கிழம கவர்மெண்ட்டே பாக்கப் போவுது."

அவர் முகம் வெளுத்தது. "எம் பேரச் சொன்னியா?"

"இல்ல."

எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "போன மாசம் செத்தாருன்னு போட்டுக்கலாம்க்கா. எனக்கு ரிட்டையர் ஆவ ஆறு மாசம்தான் இருக்குது."

"ஒம்பது திவசம் குடுத்துட்டேன்யா. அந்த மனுஷன ரெண்டாவது வாட்டி சாவடிக்க என்னால ஆவாது."

பெயர் மாற்றும் மனுவில் சரியான தேதியையே எழுத வைத்தேன். முதல் தடவையாக என் பெயருக்கு நேரே என் கைநாட்டை வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கல்யாண மண்டபத்தில் திரை கட்டியிருந்தார்கள். வாசலுக்குப் பக்கத்தில், கடைசி வரிசையில் துளசியோடு உட்கார்ந்தேன். சுவர் அளவுக்கு என் முகம். "செத்தவன் நெய்யறான்" என்று அந்த வாய் சொன்னதும் மண்டபமே சிரித்தது. முன்வரிசையில் கைத்தறி அதிகாரி மட்டும் சிரிக்கவில்லை. குனிந்து எதையோ எழுதினார்.

படம் முடிந்ததும் நேராக என்னிடம் வந்தார்.

"நீங்கதான் அம்சாவா? எந்தச் சங்கம்?"

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இந்த வாய்க்கு அப்படி ஆனதே இல்லை. துளசிதான் எழுந்து, "அக்கா வியாழக்கிழமையே மனு குடுத்துடுச்சு சார், அவரு செத்த தேதியோட" என்றாள்.

அவர் என்னையே பார்த்தார். "விசாரிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தீபிகாவின் படத்துக்குக் கமிட்டி சரி சொல்லிவிட்டது. மியூசிக் போடுகிறாளாம். என் விசாரணை முடியவில்லை. பெயர் மாறும்வரை புதுப் பாவு கிடையாது என்று சங்கத்தில் சொல்லிவிட்டார்கள். தறியில் இன்னும் ஒரு சேலைக்குத்தான் இழை இருக்கிறது. அது தீர்ந்தால் புதுப் பாவை முறுக்கப் பழைய நுனி இருக்காது.

நான் வேகமாக நெய்கிறவள். இப்போது துளசியிடம் மெதுவாகப் போடு என்று சொல்கிறேன்.