சக்களத்திக்கு வயிற்றுவலி

கல்யாணமான புதிதில் வந்திருந்தால் சண்டை போட்டு விரட்டியிருப்பேன். பிள்ளைகள் காலேஜுக்குப் போன பிறகு வந்தாள். லாரியிலிருந்து நாலு காலில் இறங்கி, என் வீட்டுக்காரரின் தோளில் மூக்கை வைத்து மூச்சு விட்டாள். அந்த ஆள் அழுதார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. அன்றைக்கே அந்தக் குதிரைக்குப் பெயர் வைத்துவிட்டேன், சக்களத்தி என்று.

என் வீட்டுக்காரர் வடக்கே பட்டாளத்தில் சவாராக இருந்தவர். சவார் என்றால் குதிரை ஏறும் சிப்பாய். "இந்தக் காலத்துல குதிரை மேல குந்திகினு யார்கூடய்யா சண்ட போட்ட?" என்று நான் கேட்காத நாளில்லை. சண்டைக்கு டாங்கி வந்து எத்தனையோ காலமாகிவிட்டது, ஆனாலும் அணிவகுப்புக்கென்று குதிரையிலேயே இருக்கும் படைப்பிரிவு இன்னும் உண்டு. அங்கே வயதான குதிரையைக் கழித்துவிடுவார்கள். இவர் கடைசி வருஷங்களில் ஏறியது இந்தப் பெண்குதிரை. கழித்த பிறகு சென்னைப் பக்கம் ஒரு குதிரையேற்றப் பள்ளிக்குப் போயிற்று. அவர்களும் வேண்டாம் என்றதும், இவர் போய்க் கூட்டிவந்துவிட்டார்.

எங்கள் வீடு வல்லம் வடகால் தொழிற்பேட்டையை ஒட்டி இருக்கிறது. நிலமெல்லாம் போன பிறகு, வீட்டுக்குப் பின்னால் ஒரு கம்பெனி காம்பவுண்டு வரைக்கும் ஒரு துண்டு மிஞ்சியது. அதில் என் கொழுந்தனாரின் மாடுகளுக்கு ஒரு கொட்டகை, இவளுக்கு ஒரு கொட்டகை. மாடுகளுக்குத் தென்னை ஓலை, மகாராணிக்கு ஆஸ்பெஸ்டாஸும் ஃபேனும். எனக்கு எரியுமா எரியாதா?

அதற்கு மேல் சட்டதிட்டம் வேறு. முதலில் தண்ணீர், அப்புறம்தான் தீனி. தீனியை 'தோப்ரா' என்று ஒரு கித்தான் பையில் போட்டு முகத்தில் மாட்டவேண்டும். கிட்டே போவது, சேணம் போடுவது, ஏறுவது, எல்லாம் இடது பக்கம்தான். ஏன் என்று கேட்டால் பெரிய சரித்திரம் வரும். "அந்தக் காலத்துல இடுப்புல இடது பக்கம் வாள் தொங்கும்மே. வலது பக்கமா ஏறுனா வாள் குறுக்க வரும். வாள் போயிடுச்சி, பக்கம் மட்டும் மாறல." வாள் இல்லாத வீட்டில் எதற்கு இந்த வழக்கம் என்று நான் முனகிக்கொண்டே போய்விடுவேன்.

போன வருஷம் மழைக்காலம் முடிந்த சமயம், பழைய படைக்காரர்கள் ஒன்றுகூடுகிறார்கள் என்று அவர் வடக்கே ரயிலேறினார். குதிரையைத் தம்பி பொறுப்பில் விட்டார். என் கொழுந்தனார் டயர் கம்பெனியில் வேலை பார்க்கிறவர்தான், ஆனாலும் மாட்டு விஷயத்தில் இந்தச் சுற்றுவட்டாரத்தில் அவரை அடிக்க ஆளில்லை. கன்று தலை மாறிக் கிடந்தால்கூட டாக்டருக்கு முன்னால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அதனால் எனக்கும் கவலை இல்லை.

மறுநாள் காலை, நான் வேலை பார்க்கும் கம்பெனியில் முதல் ஷிஃப்டுக்குக் கிளம்பி, கழுத்தில் ஐடி கார்டை மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்காக வாசலில் நிற்கிறேன். பின்னாலிருந்து தொம் தொம் என்று சத்தம். போய்ப் பார்த்தால் அவள் தரையில் கிடந்து உருளுகிறாள். உடம்பெல்லாம் வியர்வை. எழுந்து நின்று, திரும்பித் தன் வயிற்றையே பார்க்கிறாள், முன்னங்காலால் மண்ணைப் பறிக்கிறாள், மறுபடி தொப்பென்று விழுகிறாள். கொட்டகையில் ஒரு உருண்டை சாணம்கூட இல்லை. ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது, நின்றது, போய்விட்டது.

வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். ரயில் எந்தக் காட்டுக்குள் இருந்ததோ, தொடர்பு எல்லைக்கு வெளியே என்றே வந்தது. அதற்குள் சத்தம் கேட்டுக் கொழுந்தனார் வந்துவிட்டார். பார்த்ததும் முகத்தில் ஒரு தெளிவு.

"வயிறு உப்பிகீது அண்ணி. பயப்படாதீங்கோ. மாட்டுக்கு எத்தன தபா பாத்துகீறேன்."

"நேத்து இன்னா போட்டீங்க?"

"வைக்கோலும் தவிடும். சும்மா சொல்லக்கூடாது, நல்லா துன்னுச்சி."

"தண்ணி?"

"மோட்டார் ஓடல. கரெண்ட் வந்ததும் காட்டலாம்னு இருந்தேன்."

ஆசையாகத்தான் போட்டிருக்கிறார். அவர் கண்ணுக்கு அது கொம்பில்லாத மாடு. ஓடிப்போய் நல்லெண்ணெயில் இஞ்சியும் பெருங்காயமும் கலந்து கொண்டுவந்தார், கையில் மூங்கில் குழாய். மாட்டுக்கு மருந்து ஊற்றுகிற குழாய். பக்கத்து வீட்டு ஆட்கள் இரண்டு பேர் குதிரையின் தலையைப் பிடித்து மேலே தூக்கினார்கள். அவள் கண்ணில் வெள்ளை தெரிந்தது. அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது.

"இன்னாமே, இத்தினி தபா கூப்ட்டுகீற?"

சொன்னேன். குழாய் என்றதுதான் தாமதம், அங்கிருந்து ஒரு கத்தல். "வாயில எதுவும் ஊத்தாத! மாடு அசை போடும், ஏப்பம் வுடும். குதிரைக்கு வாந்தியே வராதுமே! தலையத் தூக்கி ஊத்துனா நேரா நுரையீரலுக்குப் போயிடும். ஊத்தாத!"

"ஊத்தாதீங்க!" என்று நானும் கத்தினேன். கொழுந்தனார் குழாயைப் பல் இடுக்கில் வைத்தாகிவிட்டது. "அண்ணி, வுடுங்க. நேரம் போனா செத்துடும். அண்ணனுக்குக் குதிரை ஏறத்தான் தெரியும், வைத்தியம் எனுக்குத்தான் தெரியும்." எனக்கு வந்ததே கோபம்! குழாயைப் பிடுங்கி காம்பவுண்டு சுவருக்கு அந்தப்பக்கம் எறிந்தேன். எண்ணெய் முழுக்க என் யூனிஃபார்மில். கொழுந்தனார் என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் மறக்கமுடியவில்லை. "செத்தா நான் பொறுப்பில்ல" என்று சொல்லிவிட்டு ஓரமாகப் போய் நின்றார். ஒருவேளை அவர் சொன்னதே சரியாக இருந்துவிட்டால்?

நான் போன் போட்டதும் மாட்டாஸ்பத்திரி டாக்டர் வந்தார். நல்ல மனிதர், "குதிரை நான் அதிகம் பாத்ததில்லம்மா" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். விலாவில் காதை வைத்துக் கேட்டார், நீளக் கையுறை போட்டு உள்ளே பார்த்தார். வலிக்கு ஊசி போட்டார். மூக்கு வழியாக மெல்லிய குழாயை வயிறு வரை இறக்கி எண்ணெய் விட்டார். வேலை முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"தீனி அடைச்சிருக்கலாம். குடல் முறுக்கியும் இருக்கலாம். இப்ப சொல்ல முடியல. அடைப்புன்னா சாணம் போடும், பிழைச்சிடும். ஊசி வேகம் இறங்கினப்புறம் மறுபடி உருண்டுச்சுன்னா முறுக்குதான். அப்புறம் அதைத் துடிக்க விடக்கூடாதும்மா. நான் வந்து ஊசி போட்டு ஒரேயடியா தூங்க வெச்சிடறேன். ஆனா வீட்டுல யாராவது ஒருத்தர் சரின்னு சொல்லணும்."

அந்த ஒருத்தர் நான்தான். வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். "டாக்டர் முறுக்குன்னு சொன்னா எனுக்காகக் காத்துகினு இருக்காத. நீயே சொல்லிடு" என்றார். அடப்பாவி மனுஷா! எத்தனை நாள் இவள் தொலையமாட்டாளா என்று நினைத்திருப்பேன். இப்போது அதை என் வாயாலேயே சொல்லவேண்டுமாம்.

"படுக்க வுடாத, நடக்க வை" என்றார் அவர். எப்படி? கயிற்றைப் பிடித்து முன்னால் நின்று இழுத்தேன். அசையவில்லை. வலது பக்கம் போய்த் தள்ளினேன். காதை மடக்கிப் பல்லைக் காட்டினாள். முழங்கால் மடங்கி மடங்கி வந்தது.

"மாடு மாதிரி இழுக்காதமே. மூஞ்சிய பாக்காத. பெட்டில கடிவாளம் கீது பாரு, அத மாட்டு. இடது தோள் கிட்ட நின்னு, நீ முன்னாடி பாத்து நட. அது வரும்."

தகரப் பெட்டியைத் திறந்தேன். எண்ணெய் போட்டுத் துடைத்துத் துடைத்து மினுங்கும் தோல், பித்தளைக் கொக்கி. அவர் போனில் சொல்லச் சொல்ல மாட்டினேன். இரும்பு பல்லுக்குள் போனதுதான் தாமதம், அந்தக் கிழவி நிமிர்ந்தாள். வயிற்றுக்குள் என்ன நடக்கிறதோ, வியர்வை சொட்டுகிறது, ஆனால் கழுத்து வளைந்து, காது முன்னால் வந்து, நாலு காலும் நேராகிவிட்டது. டியூட்டி. எனக்கு அழுகை வந்துவிட்டது. மாதவிலக்கு வலியில் கம்பெனி லைனில் நின்றுகொண்டு, சூப்பர்வைசர் கடந்து போகும்போது நான் நிமிர்வேனே, அதே நிமிர்வு.

இடது தோள் பக்கம் நின்று நடந்தேன். வந்தாள்.

வீட்டுச் சந்து, அதைத் தாண்டி சர்வீஸ் ரோடு. கன்டெய்னர் லாரிகள் தூசியைக் கிளப்பிக்கொண்டு உரசிப் போகின்றன. ஒவ்வொரு ஹாரனுக்கும் என் உயிர் போய் வந்தது, அவளுக்கு ஒன்றுமில்லை. துப்பாக்கிச் சத்தத்துக்கே பழகியவளாம். கொழுந்தனார் எங்களுக்குப் பின்னால் சிவப்புத் துண்டை ஆட்டிக்கொண்டே வந்தார். கோபம்தான், ஆனாலும் வீட்டுக்குப் போகவில்லை. வெயில் ஏறியது. போகிறோம், திரும்புகிறோம், மறுபடி போகிறோம். ஊசி வேகம் இறங்கும் நேரம் நெருங்க நெருங்க நான் அவள் வயிற்றையே பார்க்க ஆரம்பித்தேன். ஒருமுறை நின்றாள். திரும்பி விலாவைப் பார்த்தாள். முன்னங்கால் மடங்கப் போயிற்று.

"போச்சி அண்ணி" என்றார் கொழுந்தனார்.

"வாய மூடுங்க!" என்றேன். டாக்டர் நம்பரைப் போனில் எடுத்தும் வைத்துவிட்டேன், விரல் அதன்மேல் நிற்கிறது. "ஏன்டி, நடடி. உன்ன விரட்டணும்னு நெனச்சேன்தான். இப்டி போவ சொல்லலியே. அந்தாளு வந்து கேட்டா நான் இன்னாடி சொல்றது? நட!" என்று அவள் காதருகில் திட்டினேன். முன்னே பார்த்து ஓர் அடி வைத்தேன். கடிவாளம் இழுபட்டது. இழுபட்டு, தளர்ந்தது. கூடவே வந்தாள்.

முதல் ஷிஃப்ட் முடிந்து பஸ்கள் வரிசையாகத் திரும்பிக்கொண்டிருந்தன. எங்கள் கம்பெனி மெயின் கேட் எதிரே வந்தபோது அவள் வாலைத் தூக்கினாள். முதலில் காற்று. அப்புறம், என் தெய்வமே, ஒன்றன்பின் ஒன்றாகப் பொத்துப் பொத்தென்று விழுந்தது. வைக்கோலும் எண்ணெயுமாய், பளபளவென்று. செக்யூரிட்டி விசில் ஊதிக்கொண்டே ஓடிவந்தார்.

"யக்கா, இன்னாக்கா இது, கேட்டாண்டயே? எம்.டி. வண்டி வர்ற நேரம்க்கா!"

"வரட்டும்! பாத்துட்டுப் போவட்டும்!" நான் அழுதுகொண்டே சிரித்தேன். பஸ் ஜன்னலிலிருந்து என் லைன் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். கொழுந்தனார் குனிந்து, ஒரு உருண்டையைக் கையால் பிட்டுப் பார்த்தார். "வைக்கோல்தான் அண்ணி" என்றார். பிறகு எல்லாவற்றையும் தன் சிவப்புத் துண்டிலேயே வாரிக் கட்டிக்கொண்டார்.

கொட்டகைக்குத் திரும்பினோம். டாக்டர் மறுபடி வந்து காதை வைத்துக் கேட்டுவிட்டு, பிழைத்துவிட்டது என்றார். ஆனால் அவள் நின்ற இடத்தில் அப்படியே நின்றாள். உடம்பு நடுங்குகிறது, கண் செருகுகிறது, கழுத்தை மட்டும் இறக்கவில்லை. வீட்டுக்காரருக்கு வீடியோ கால் போட்டுக் காட்டினேன். பார்த்ததும் சிரித்தார், கண்ணெல்லாம் தண்ணீர்.

"கடிவாளத்த கழட்டலியே நீ. அது வாயில கீற வரைக்கும் அதுக்கு டியூட்டிதான். கழட்டிட்டு, இடது கழுத்துல ரெண்டு தட்டு தட்டு. அவ்ளோதான்."

கழற்றினேன். தட்டினேன். அவள் நீளமாக ஒரு மூச்சு விட்டு, தலையைத் தொங்கப்போட்டு, மெதுவாக மடங்கிப் படுத்தாள். உருளவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். கடிவாளத்தைக் கம்பத்து ஆணியில் மாட்டினேன்.

போனில் அவர் இன்னும் இருந்தார். "இன்னாமே, நீ காலைலருந்து கொஞ்சமாச்சும் உக்காந்தியா?" என்றார்.

இத்தனை வருஷ லைன் வேலையில், இந்த வீட்டில், யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. குனிந்தபோதுதான் பார்த்தேன், ஐடி கார்டு எண்ணெய்ப் பிசுக்கோடு இன்னும் என் கழுத்திலேயே தொங்கியது. கழற்றி அதே ஆணியில் மாட்டினேன்.

"இல்லய்யா" என்றேன். "இப்பதான் உக்கார்றேன்."