அப்பாவின் ஸ்டுடியோவில் நான் வரைந்த கடல்

நேற்று பக்கத்து வீட்டு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடித்தபோது வந்த டர்பன்டைன் வாசனை, சாலையை அகலப்படுத்துவதற்காக இடிக்கப்பட்டுவிட்ட, பாலக்கோட்டில் இருந்த அப்பாவின் போட்டோ ஸ்டுடியோவுக்கு என்னை இழுத்துப் போனது. அறுபதுகளின் கடைசியில், ராகி மூட்டைகளோடு சந்தைக்கு வந்தவர்கள் முகம் கழுவி, பவுடர் பூசி, அங்கே நான் வரைந்த கடல் திரைக்கு முன்னால் விறைப்பாக நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். கடலையே பார்த்திராத நான் காலண்டரைப் பார்த்து வரைந்த நீலக் கடல் அது. எல்லோருக்கும் பிடித்திருந்தது, எனக்கு மட்டும் வேறு யாரோ வரைந்ததுபோலவே இருந்தது.

என் தம்பி ஏரியில் மூழ்கி இறந்த வருடம் திரை கிழிந்து, புதிதாக வரைய வேண்டியிருந்தது. அவனைத் தூக்கி வந்தபோது கரையில் நின்று பார்த்த தண்ணீர்தான் தூரிகையில் வந்தது. கறுத்து, கனத்து, துளி வெளிச்சமில்லாமல்.

படமெடுக்க வந்தவர்கள், "வேற துணி இல்லீங்களா? பயமா இருக்குதுங்க" என்றார்கள்.

"நீலம் அடிச்சிடு பாப்பா" என்றார் அப்பா.

"மாட்டேம்ப்பா. தண்ணி இப்பிடித்தான் இருக்குது."

அவரை நான் மறுத்துப் பேசியது அதுதான் முதல் முறை. பிறகு எந்தக் கடற்கரையில் உட்கார்ந்து வரைந்தாலும் என் அலைகள் அந்தக் கறுப்பிலிருந்துதான் எழுந்தன.

தம்பி போனதிலிருந்து வெளியே வராத அம்மா, அப்பா சொல்லித்தானோ என்னவோ, நான் அப்படி மறுத்ததற்கு மறுநாள் ஸ்டுடியோவுக்கு வந்தாள். திரையைப் பார்த்தபடியே முக்காலியில் உட்கார்ந்து, "என்னை ஒரு படம் எடுங்க" என்றாள்.

"இந்தப் பக்கம் திரும்பு" என்று அப்பா கெஞ்சினார். அவள் திரும்பவில்லை. அந்தப் படத்தில் அம்மாவின் முதுகுதான் இருக்கிறது.