ஐந்தரைக் கட்டைக்குச் சற்றுக் கீழே

ஒரு மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் பூசை முடிந்து கீபோர்டை உறையில் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் சகாயராணிக்கு அந்த அழைப்பு வந்தது. பேசியது ஜாஸ்மின். பத்து வருடங்களுக்கு முன்பு நல்லம்பள்ளியில் இதே பாடகர் குழுவில் பாடிய பெண். இப்போது பெங்களூரில் நான்கு பேரோடு சேர்ந்து வீடியோ கேம் தயாரிக்கிறாள்.

“அக்கா, நம்ம பக்கத்துக் கதைதான். ஆயிரத்து ஐந்நூறு வருசத்துக்கு முந்தி நடக்குது. ஊரு மாட்ட ஓட்டிக்கிட்டுப் போக வர்றவங்கள ஒருத்தன் எதுத்து நிக்கறான். செத்தான்னா அவனுக்குக் கல்லு நடுவாங்க. அதான் கேம். நீங்க மியூசிக் போடணும்.”

“நான் கோயில் பாட்டுக்கு வாசிக்கிறவ, ஜாஸ்மின்.”

“அதனாலதான் கேக்கறேன். இங்க யாருகிட்ட கேட்டாலும் சினிமாச் சண்டைக்குப் போடற மாதிரியே போட்டுத் தர்றாங்க.”

சகாயராணிக்கு அப்போது நாற்பத்தோரு வயது. ஒரு தனியார் பள்ளியில் இசை ஆசிரியை. திருமணம் செய்துகொள்ளவில்லை. அப்பா பிலவேந்திரனும் இரண்டு மாடுகளும் ஒன்றரை ஏக்கர் மரவள்ளியும்தான் வீடு. தம்பி ஜேக்கப் சுற்றுலா வேன் ஓட்டிக்கொண்டிருந்தான். ஆறு வருடங்களுக்கு முன்பு, சேலத்திலிருந்து ஒரு குடும்பத்தை ஒகேனக்கல்லுக்கு அழைத்துப் போனவன், அவர்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த நேரத்தில் தானும் குளிக்கலாம் என்று ஆற்றில் இறங்கினான். மூன்றாம் நாள் பரிசல்காரர்கள் அவனைக் கரைசேர்த்தார்கள். அதன் பிறகு அந்த வீட்டில் மீன் வாங்குவதில்லை. அவன் பெயரையும் யாரும் எடுப்பதில்லை.

வேலையை ஒப்புக்கொண்டு இரண்டு மாதத்தில் பதினோரு இசைத்துணுக்குகள் அனுப்பினாள். புல்லாங்குழல், பறை, கொம்பு, எல்லாம் கீபோர்டுக்குள் இருப்பவைதான். ஜாஸ்மின் ஒவ்வொன்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நல்லாத்தான்க்கா இருக்கு, ஆனா இது ஏசி ரூம்ல பண்ணதுன்னு தெரியுது” என்றாள். சகாயராணிக்குக் கோபம் வந்தது. அவள் வீட்டில் ஏசி கிடையாது. ஆனால் சொன்னது என்னவென்று புரிந்தது.

அப்போதுதான் ஒரு நடுகல்லைப் பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று தோன்றியது. பள்ளியில் உடன் வேலை செய்யும் ஒருவர், அரூரைத் தாண்டி ஒரு காட்டில் கல் இருப்பதாகச் சொல்லி வழியும் விசாரித்துக் கொடுத்தார். மே மாத விடுமுறையில், கடன் வாங்கிய ஒலிப்பதிவுக் கருவியோடு பஸ் ஏறினாள்.

கல் நின்ற நிலம் குள்ளம்மாள் என்பவருடையது. அறுபது வயதிருக்கும். தனியாள். கல்லைக் காட்ட அவரே முன்னால் நடந்தார். இடுப்பளவு உயரக் கல். கையில் வில்லோடு ஒருவன், காலடியில் இரண்டு மாடுகள். முகம் தேய்ந்து போயிருந்தது. மேலே இருந்த எழுத்தும் தேய்ந்திருந்தது. மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருந்தார்கள்.

“பேரு என்னாங்கம்மா இவருக்கு?”

“வேடியப்பன். எல்லாக் கல்லும் வேடியப்பன்தான். பெத்தவ வச்ச பேரு யாருக்குத் தெரியும்?”

உச்சி வெயில். காற்று அடித்துச் சோளத்தட்டை சரசரத்தது. சகாயராணி கருவியைக் கல்லருகில் வைத்து, காதில் ஹெட்போனை மாட்டினாள். சற்று நேரம் காற்றுதான் கேட்டது. பிறகு அதற்கு அடியில், தாழ்ந்த குரலில், யாரோ ‘ம்’ என்றார்கள். பாடப்போகிறவன் சுருதியைப் பிடிக்க வாய்க்குள்ளேயே இழுக்கும் ‘ம்’. ஜேக்கப் அப்படித்தான் செய்வான். பாடகர் குழுவில் அவள் பின்னால் நின்று, ஒவ்வொரு பாட்டுக்கு முன்பும்.

அவள் திரும்பிப் பார்த்தாள். குள்ளம்மாள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். வேறு யாருமில்லை.

“யாராவது வந்தாங்களாம்மா?”

“யாரும் வர்லியே. ஓ, அத சொல்றீங்களா? போர் மூச்சு வுடுது டீச்சரம்மா.” கல்லுக்குப் பத்தடி தள்ளி, தரைக்கு மேல் ஒரு முழம் நீண்டிருந்த ஆழ்துளைக் கிணற்றின் பிளாஸ்டிக் குழாயைக் கையால் காட்டினார். “எங்க வூட்டுக்காரரு போட்டது. தொள்ளாயிரம் அடி. வெறும் பொகைதான் வந்துச்சு. வெயில் ஏறுனா மூச்சு வுடும். பொழுது சாஞ்சா உள்ள இழுத்துக்கும்.”

“அவரு இப்ப?”

“அர்ச்சுனன்னு பேரு. கட்டட வேலைக்குக் கேரளா போனாரு. மொதல்ல போனு பண்ணிக்கிட்டு இருந்தாரு. அப்புறம் அதுவும் இல்ல. ஒம்பது வருசமாச்சு.” சற்றுப் பொறுத்து, “ஒரு கல்லத் தூக்கி மூடித்தான் வச்சிருந்தேன். சத்தம் இல்லாம ஒரு மாதிரி இருந்துச்சு. எடுத்துட்டேன்” என்றார்.

குழாய்க்கு அருகே கையைக் கொண்டுபோனாள் சகாயராணி. உள்ளங்கையில் குளிர்ந்த காற்று பட்டது. கருவி, குழாய், கல் மூன்றும் தெரிய ஒரு புகைப்படம் எடுத்து ஜாஸ்மினுக்கு அனுப்பினாள்.

வீட்டுக்கு வந்து அந்த ஒலியைக் கீபோர்டோடு ஒப்பிட்டாள். ஐந்தரைக் கட்டைச் சுருதிக்கு மயிரிழை கீழே இருந்தது. ஜேக்கப் சுருதி பிடித்தாலும் அந்த மயிரிழை கீழேதான் நிற்கும். “மேல வா, மேல வா” என்று கையால் காட்டியே அவளுக்கு அலுத்துப்போகும்.

அவளுடைய போனில் அவன் கடைசியாக அனுப்பிய குரல்பதிவு ஒன்று இருந்தது. ஆற்றில் இறங்கிய அன்று காலை பத்து நாற்பதுக்கு அனுப்பியது. பாடல் பயிற்சியில் இருந்தவள் அப்புறம் கேட்கலாம் என்று விட்டுவிட்டாள். இரண்டு மணிக்கு ஒகேனக்கல்லிலிருந்து வேறு அழைப்பு வந்துவிட்டது. அதன் பிறகு ஆறு வருடம், இரண்டு போன் மாற்றியும், அந்தப் பதிவை அழிக்கவும் இல்லை, திறக்கவும் இல்லை.

கல்லைப் பார்த்து வந்த மறுநாள் மாலை நான்கு மணிக்கு, அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தபோது, அதைத் திறந்தாள்.

பின்னணியில் அருவியின் இரைச்சல். ‘ம்’ என்று ஓர் இழுப்பு. பிறகு பதினெட்டு விநாடிகள் ஏதோ ஒரு மெட்டை வாயை மூடியபடி முனகினான். கடைசியில், “ராணிக்கா, இது எந்தப் பாட்டுன்னு சொல்லேன். காலையிலருந்து வாயிலயே இருக்கு” என்றான். அவ்வளவுதான்.

அது எந்தப் பாட்டும் இல்லை. கோயில் பாட்டு, சினிமாப் பாட்டு எல்லாவற்றையும் மனத்தில் ஓட்டிப் பார்த்தாள். எதிலும் பொருந்தவில்லை. குழாயின் மூச்சை அடியில் ஓடவிட்டு, அந்த முனகலை அதன் மேல் வைத்தாள். இரண்டும் ஒரே தொண்டையிலிருந்து வருவதுபோல ஒட்டிக்கொண்டன. மூன்று நாட்கள் அதையே இழைத்தாள்.

மூன்றாம் நாள் ஸ்பீக்கரில் ஓடவிட்டிருந்தபோது அப்பா வாசலில் வந்து நின்றார். கையில் வைக்கோல். உள்ளே வரவில்லை.

“அவன எதுக்கும்மா எழுப்பற?” என்றார்.

அவள் பதில் சொல்வதற்குள் மாட்டுக் கொட்டகைப் பக்கம் போய்விட்டார்.

ஜாஸ்மினுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. வீரன் வெட்டுப்பட்டு விழும் இடத்தில் வைத்தார்கள். ஆடிப் பார்த்தவர்கள் விளையாட்டை உடனே மறுபடி தொடங்காமல் அப்படியே உட்கார்ந்துவிடுவதாகச் சொன்னாள். இரண்டு வாரம் கழித்து மீண்டும் அழைத்தாள்.

“அக்கா, ஒரு சின்ன மாத்தம். அத நாலு விநாடியா வெட்டித் தர்றீங்களா? ஆளு அடிக்கடி சாவறான். ஒரு மணி நேரத்துல நாப்பது தடவ. ஒவ்வொரு தடவையும் முழுசாக் கேக்க முடியாது.”

சகாயராணி போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள். நாற்பது தடவை. எங்கெங்கோ, யார் யார் வீட்டிலோ. கட்டை விரலால் ஒரு பட்டனை அழுத்தி, மறுபடியும் தண்ணீரில் தள்ளுவது போல. இதை அவளே செய்து கொடுத்திருக்கிறாள்.

“ஜாஸ்மின், அத எடுத்துடு. வேற போட்டுத் தர்றேன்.”

“ஏங்க்கா? அதுதான் கேம்லயே நல்லா வந்திருக்கு.”

“அது என் தம்பி குரலு.”

ஜாஸ்மினுக்கு ஜேக்கப்பைத் தெரியும். ஒரே வரிசையில் நின்று பாடியவர்கள். “சொல்லியிருக்கலாம் இல்லக்கா” என்றாள். பிறகு, “முழுசா எடுத்துடவா?” என்று கேட்டாள்.

“யோசிச்சுச் சொல்றேன்” என்று போனை வைத்தாள் சகாயராணி. எடுத்துவிட்டால் அவன் மறுபடியும் அந்தப் போனுக்குள் போய்விடுவான். மறுநாள் அழைத்துச் சொன்னாள். சாவுக்கு வேண்டாம். சண்டையெல்லாம் முடிந்து, நட்ட கல்லுக்கு முன்னால் ஆடுகிறவர் வந்து நிற்கும் இடம் ஒன்று இருக்கிறது. அங்கே எந்தப் பட்டனையும் தொடாமல் சும்மா நின்றால் மட்டும் அது கேட்கட்டும். அவசரப்படுகிறவர்களுக்குக் கேட்க வேண்டாம். சாவுக்கு வெறும் சோளத்தட்டையின் சரசரப்பை நான்கு விநாடி வெட்டிக் கொடுத்தாள்.

கேம் டிசம்பரில் வெளிவந்தது. அதற்கு முன்பு, விளம்பரத்துக்காக, அவள் எடுத்த புகைப்படத்தை ஜாஸ்மின் இணையத்தில் போட்டிருந்தாள். நிறையப் பேர் பார்த்தார்கள். அதில் ஒருவர், மூடாத ஆழ்துளைக் கிணறு என்று வட்டம் போட்டுப் புகார் அனுப்பிவிட்டார். ஒரு வாரத்தில் ஆட்கள் வந்து, மண்ணும் ஜல்லியும் கொட்டி, மேலே சிமெண்டால் பூசிவிட்டுப் போனார்கள். செய்தது சரிதான். குழந்தைகள் விழுந்து சாகும் இடம். ஆனால் செய்தி கேட்டதும் சகாயராணி அந்தக் குழாயின் பதிவு பத்திரமாக இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். பொங்கல் விடுமுறையில், சிறிய ஸ்பீக்கர் ஒன்றை எடுத்துக்கொண்டு அரூருக்குப் போனாள்.

குள்ளம்மாள் கோபப்படவில்லை. டீ போட்டுக் கொடுத்தார்.

“என்னாலதாம்மா மூடுனாங்க. நான் எடுத்த போட்டோ.”

“மூடத்தானே வேணும். நானே மூடியிருக்கணும்.”

“சத்தம் எங்கிட்ட இருக்குங்க. கேக்கறீங்களா?”

கேமில் வந்ததைத்தான் முதலில் போட்டாள். குள்ளம்மாள் தலையைச் சாய்த்துக் கேட்டார். பாதியிலேயே கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

“இது எங்க போர் இல்ல. இதுல ஆளு இருக்காங்க.”

சகாயராணி வேறு பதிவைத் தேடி எடுத்தாள். வெறும் குழாயின் மூச்சு மட்டும். குள்ளம்மாள் அதை முழுவதும் கேட்டார். கண்ணை மூடவில்லை. அழவுமில்லை. முடிந்ததும், “ஆமா” என்றார். மறுபடி போடட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

“முன்னாடி போட்டீங்களே, அது யாரு?”

“தம்பிங்க. ஜேக்கப்பு.”

ஆறு வருடங்களில் அவள் அந்தப் பெயரை வெளியாள் ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை. அவன் மீன் குழம்புக்குச் சண்டை போடுவான் என்பதையும், சுருதி கீழே இறங்கிவிடும் என்பதையும், பரிசலில் கொண்டுவந்தபோது கால்சட்டைப் பையில் வேன் சாவி அப்படியே இருந்ததையும் சொன்னாள். வெயில் வாசலைத் தாண்டித் தொழுவம் வரைக்கும் போய்விட்டது.

கிளம்பும்போது சிமெண்ட் பூச்சைக் கடந்துதான் போக வேண்டும். குள்ளம்மாள் அதன் மேல் வடகம் காயப் போட்டிருந்தார்.

“அவரு வந்தா போர் எங்கன்னு கேப்பாரு,” என்றார். “மூடிட்டாங்கன்னு சொல்லிக்கறேன். நீங்க போயிட்டு வாங்க, அஞ்சரை வண்டிய வுட்டா அப்புறம் கூட்டமா இருக்கும்.”

சகாயராணி நடந்தாள். ரோட்டுக்கு வந்ததும் அப்பாவுக்குப் போன் செய்து, தான் எங்கே போயிருந்தாள் என்பதையும் எதற்காக என்பதையும் சொன்னாள்.

“வந்ததும் எனக்கும் ஒரு தடவ போட்டுக் காட்டு,” என்றார் பிலவேந்திரன்.