காபியும் சுருங்கிய பனியனும்

நூல் தரகு என்பது வாயால் செய்யும் தொழில். பேச்சு வெளியே போகும் அதே வழியாகத்தான் காபியும் உள்ளே வரும்.

திருப்பூரில் நூல் என்றால் பனியனுக்கு ஆகும் பருத்தி நூல். என் வீட்டில் நூல் என்றால் விடியலில் நான் பாராயணம் செய்யும் பக்தி நூல்கள். மில்லின் நூலைப் பனியன் கம்பெனிகளுக்குப் பேசி முடித்துக் கொடுப்பது என் பிழைப்பு. ஏறி இறங்கும் கம்பெனி ஒவ்வொன்றிலும் ஒரு டம்ளர் காபி உண்டு. சென்ற தைப்பூசத்தன்று என் முழங்கால்கள் மலைக்கோயில் படிகளைக் கண்டதும் ஒத்துழைக்க மறுத்தன. பால்குடத்தோடு மினி பஸ்ஸில் மேலே போனேன். குடத்துக்கும் எனக்குமாக ஒரு முழு இருக்கை தேவைப்பட்டது. பக்கத்தில் நின்றுகொண்டு வந்தவர்களின் பார்வை இன்னும் மறக்கவில்லை. அடுத்த பூசத்துக்குக் காலால் ஏறி வருகிறேன் என்று முருகனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு இறங்கினேன். நீட்டிய டம்ளரைத் தள்ளத் தெரியாமல் பெருத்துப்போன அன்பர்களே, அந்த வாக்கு பட்ட பாட்டைக் கேளுங்கள்.

பனியன் வழக்கு

பெருமாநல்லூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் சின்னச்சாமி என் நெடுநாளைய வாடிக்கையாளர், வயதில் இளையவர். தீபாவளி தோறும் என் நூலில் ஆன பனியன்களை எனக்கே அன்பளிப்பாகத் தருவார். இம்முறை தந்தவை சில சலவைகளுக்குள் என் வயிற்றைக் கவ்விப் பிடித்தன. துணி சுருங்கிவிட்டது என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. ஒன்றை அணிந்துகொண்டு, ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு, நேரே அவர் கம்பெனிக்குப் போனேன். சட்டைப் பித்தான்களை அவிழ்த்துச் சாட்சியம் காட்டினேன். என் நூலைப் பாழாக்கிய சாயப்பட்டறையை, பாராயணம் செய்த அதே வாயால் வைதேன்.

சின்னச்சாமி பையிலிருந்த பனியனை மேசைமேல் விரித்து டேப் வைத்தார். மார்பு சரி, நீளம் சரி. ஆடை அளவில் இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம் என்று வாங்குபவர் விட்டுக்கொடுக்கும் வரம்புக்கு எங்கள் தொழிலில் டாலரன்ஸ் என்று பெயர். அந்த வரம்பை அவர் பார்த்தார். பிறகு டேப்பை என் இடுப்பைச் சுற்றிப் போட்டார். டேப்பைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: “பனியன் டாலரன்ஸுக்குள்ளதானுங்ணா இருக்குது. நீங்கதான் தாண்டிப் போயிட்டீங்க.”

மும்மலம்

முழங்காலைக் காட்டப் போன இடத்தில், காபி குடித்தால் உடம்பு ஏறுமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். ஒரு நாளைக்கு எத்தனை குடிப்பீர்கள் என்றார். “ஏதோ ஒன்றிரண்டு” என்றேன். அவர் கெட்டிக்காரர். பேச்சை மாற்றி, தொழில் எப்படி, எத்தனை கம்பெனிக்குப் போய்வருகிறீர்கள் என்றார். தொழிற்பெருமை என் கண்ணை மறைத்தது. பத்துக்குக் குறையாது, எல்லா இடத்திலும் எனக்குத் தனி மரியாதை என்று விரிவாகவே சொல்லிவிட்டேன்.

ஆணவம், கன்மம், மாயை என்னும் மும்மலங்களைப் பற்றி மணிக்கணக்கில் பேசுபவன் நான். பால், சர்க்கரை, நாக்கு என்று வேறு மூன்று உண்டு என்பது அன்றுதான் விளங்கியது. டாக்டரம்மா சொன்னார்: “காபித்தூள் மேல பழி போடாதீங்கய்யா. நீங்க காபியா குடிக்கறீங்க? ஊர் ஊராப் போய்ப் பாயசமல்ல குடிச்சிட்டிருக்கீங்க!”

கை காட்டியதன் பலன்

மறுநாள் சின்னச்சாமி நீட்டிய காபிக்கு, வேண்டாம் என்று கை காட்டினேன். அடுத்தடுத்த கம்பெனிகளிலும் அப்படியே. ஒரு பெருந்துறவு செய்துவிட்ட நிறைவோடு வீடு திரும்பினால், மில் மேனேஜர் போனில் குதூகலிக்கிறார்: நூலுக்கு ஆர்டர் கொட்டுகிறதாம். விலையேற்றத்தைச் சொல்ல வரும் தரகருக்கு, அந்த வீட்டுக் காபியைக் குடித்துக்கொண்டே அதைச் சொல்ல மனம் வராது. ஆகவே தரகர் காபியை மறுத்தால் விலை ஏறப்போகிறது, அதற்குள் வாங்கிப்போட வேண்டும் என்று பொருள். இத்தனை வருடம் தொழில் செய்தும், எதையும் மறுத்தறியாத எனக்கு இந்த வழக்கம் தெரியாமல் போயிற்று.

பொய்ச்சேதி பரப்பிய பாவம் தீர வேண்டாமா? அடுத்த நாள் அதே கம்பெனிகளுக்கெல்லாம் போய், கேட்டு வாங்கி இரண்டிரண்டு டம்ளர் குடித்தேன். நான் படியிறங்கும்போதே சின்னச்சாமி யாருக்கோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார்: “அண்ணன் ரெண்டாவது டம்ளரும் கேட்டு வாங்கிக் குடிச்சாருங்க. விலை எறங்கப் போவுது, அவசரப்பட்டு வாங்கிப்போடாதீங்க.”

சர்க்கரை இல்லாமல்

சர்க்கரையை மட்டுமாவது விலக்குவோம் என்று ஓர் எக்ஸ்போர்ட் ஆபீஸில் “சர்க்கரை வேண்டாம்” என்றேன். கணக்கு எழுதும் அம்மணி முகம் வாடி, “சுகருங்களா? எப்ப இருந்துங்க?” என்று துக்கம் விசாரித்தார். நோய் இல்லை, பருமன்தான் என்று விளக்கியதும் அவர் முகம் மலர்ந்தது. உள்ளே போய் முன்னிலும் தித்திப்பான டம்ளரோடு வந்தார்: “நாட்டுச்சர்க்கரை போட்டிருக்கறனுங்க. அது சர்க்கரையே இல்லீங்க, தைரியமாக் குடிங்க.”

சஷ்டி

சஷ்டிதோறும் உபவாசம் இருப்பவன் நான். அன்னம் தொடமாட்டேன். காபி அன்னம் அன்று என்பது என் துணிபு. வயிறு காய்ந்தால் ஒன்று, பாராயணம் முடிந்தால் ஒன்று. விரதத்தால் உடம்பு ஏன் இளைக்கவில்லை என்று மனைவியிடம் வருந்தினேன். அவள் காலி டப்பாவைக் கவிழ்த்துக் காட்டினாள்: “ஏனுங்க, நீங்க பட்டினி கெடக்கற அன்னிக்குத்தானுங்க நம்மூட்டுல சக்கரை தீருது.”

மாலை

மார்கழியில் முருகனுக்கு மாலை போட்டுக்கொண்டேன். மாலை போட்டவரை யாரும் எதற்கும் வற்புறுத்தமாட்டார்கள் என்று கணக்குப் போட்டேன். ஆனால் மாலை போட்டவர் சாமி ஆகிவிடுகிறார். சாமியை வெறும் வாயோடு அனுப்பலாமா? சின்னச்சாமி, பலர் வாய் பட்ட டம்ளர் சாமிக்கு ஆகாதென்று பாத்திரக்கடைக்கே போய்வந்திருந்தார். என் கழுத்து மாலையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுச் சொன்னார்: “சாமிக்குன்னு தனி டம்ளர் வாங்கியிருக்கறனுங்க. சின்னது நல்லாருக்காதுன்னு சொம்பு சைசுலயே வாங்கிப்போட்டேன்.”

பால்குடம்

அந்தச் சொம்பைக் கையில் வாங்கியபோது முழங்கால் விண்ணென்று தெறித்தது. பூசத்துக்கு மிச்சம் இருந்ததோ சில வாரங்கள். மறுபடியும் மினி பஸ், மறுபடியும் அந்த இருக்கை. என்னையறியாமல் ஒரு வார்த்தை வந்தது: “பாலை முருகனுக்கு நேர்ந்துவிட்டேன். பூசம் வரைக்கும் பால் அவனுக்குத்தான், நான் தொடமாட்டேன்.” சின்னச்சாமி பதறிப்போய்ச் சொம்பைப் பிடுங்கிக்கொண்டார். டாக்டரம்மா சொல்லி நடக்காத காரியம் முருகன் பெயரைச் சொன்னதும் நடந்தது. அன்றுமுதல் எல்லாக் கம்பெனிகளிலும் எனக்கு வரக்காப்பிதான். பாலில்லாத காபியில் சர்க்கரையும் எனக்கு ஒட்டவில்லை. அது தானாகவே விடைபெற்றது. நான் டாலரன்ஸுக்குள் வந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். பனியன் மூச்சு விட இடம் கொடுத்தது.

பூசத்தன்று தலையில் பால்குடம் ஏற்றிப் படியில் கால் வைத்தேன். மண்டபத்துக்கு மண்டபம் நின்றேன். என்னைத் தாண்டிக் குழந்தைகள் ஓடின, கர்ப்பிணி ஒருத்தி கடந்து போனாள். ஆனாலும் மேலே போய்ச் சேர்ந்தவை என் கால்களே. குடத்தை இறக்கிவிட்டுக் கண்ணீர் மல்க நின்றேன். பின்னாலேயே ஏறிவந்த சின்னச்சாமி என் காதருகே குனிந்தார்: “ஏனுங்ணா, இத்தன வருசமா உள்ளாற சொமந்த பாலை இன்னிக்குத்தானுங்க வெளிய சொமந்திருக்கீங்க.”

ஆகவே அன்பர்களே, காபித்தூள் நிரபராதி, பாலும் சர்க்கரையும் உடந்தை, பனியன் நேரடிச் சாட்சி. குற்றவாளியோ, நேர்த்திக்கடன் முடிந்துவிட்டதால் இனிப் பால் சேர்க்கலாமா என்று முருகனைக் கேட்டுக்கொண்டு டம்ளருடன் உட்கார்ந்திருக்கிறான்.