கறுப்பு ஒமான்

பிளோவ்திவ் நகரத்து மூலிகை ஆய்வுக்கூடத்தில் செவ்தாவுக்கு இருபத்தாறு வருஷ வேலை. வேர்ப்பொடியை ஆல்கஹாலில் ஊறவைத்து, வடிகட்டி, ஊதாக் கரைசலில் விடுவாள். ஊதா எவ்வளவு வெளுக்கிறதோ அவ்வளவு ஆன்டி-ஆக்ஸிடன்ட் வேரில் இருக்கிறது. அளப்பது இவள், கட்டுரை பேராசிரியர் கரம்ஃபிலோவுடையது. அதில் எந்த மூலையிலும் இவள் பேர் வந்ததில்லை. சோதனைக் குழாய்க்கு யாராவது நன்றி சொல்வார்களா என்ன?

இந்தத் தடவை அவரே மனசு வைத்துவிட்டார். இருமல் மருந்துக்கான ஒமான் என்ற மூலிகையின் வேர் போன வருஷத்தைப் போல இரண்டு மடங்கு ஆன்டி-ஆக்ஸிடன்ட் காட்டியது. கட்டுரையில் தன் பேருக்கு அடுத்ததாக அவள் பேரையும் அச்சடித்து நீட்டினார். செவ்தா அதை நாலு தடவை படித்தாள். வெட்கமில்லாமல் ஐந்தாவது தடவையும் படித்தாள்.

மத்தியானம் மிச்சப் பொடியைத் தண்ணீரில் ஊறவைத்தாள். வெண்டைக்காய் மாதிரி கொழகொழத்தது. வடிதாளில் ஒரு சொட்டு இறங்கவில்லை. ஒமான் இப்படிக் கொழகொழக்காதே! வேர் அனுப்பிய மலைக்காரர் ராங்கெலுக்கு போன் போட்டாள்.

"அண்ணே, நீங்க அனுப்புனது எந்த ஒமான்?"

"நீதானம்மா வெறும் ஒமான்னு கேட்ட! எங்க ஊர்ல ஒமான்னா கறுப்புதான். கால் ஒடிஞ்சா அரைச்சுக் கட்டுவோமே, அது. ஏன், உங்க ப்ரொபசர் எங்கயாச்சும் விழுந்துட்டாரா?"

செவ்தாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் ஊரில் ஒமான் என்றால் வெள்ளை, இருமலுக்குக் காய்ச்சிக் குடிப்பது. கறுப்பு வேறு செடி. குடித்தால் ஈரலைக் கெடுக்கும். எந்த நிறம் என்று சொல்லாமல் விட்டது அவளேதான்.

நேரே பேராசிரியரிடம் போய்ச் சொன்னாள். அவர் முகம் சுண்டிப்போயிற்று.

"வெள்ளையை அளந்தா பழைய எண்தான் வரும், செவ்தா. அதை எவன் அச்சுல போடுவான்? உன் பேர் வர்றதே இதுலதான்."

"தெரியும் சார்."

"நாம பேசாம இருந்துட்டா யாருக்குத் தெரியப்போகுது?"

"இதைப் படிச்சிட்டு ஒருத்தன் கறுப்பைக் காய்ச்சிக் குடிப்பான் சார். எனக்குத் தெரியும்ல?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கட்டுரையையும் பேனாவையும் அவள் பக்கம் தள்ளினார்.

"நீயே கோடு போட்டு அடிச்சிடும்மா. எனக்கு மனசு வரல."

தலைப்பிலிருந்து அடித்துக்கொண்டே வந்தாள். அவர் பேர் வரை கை சரியாகத்தான் போயிற்று. தன் பேர் வந்ததும் அழுதுவிட்டாள். அழுதுகொண்டே அதையும் அடித்தாள்.