தாய்மாமன் மடி

முத்துக்கண்ணன் வேலைக்கென்று சென்னை போய் நாலு வருசமாகிறது. மேன்ஷன் அறையில் மற்ற பையன்கள் பெண்களைப் பற்றிப் பேசும்போது, ஊரில் தனக்கும் ஒருத்தி இருப்பதாக வாய்க்கு வந்தபடி அளந்துவிடுவான். அந்த இல்லாத பெண்ணின் பிறந்தநாளுக்குப் பையன்களுக்கு டீ வேறு வாங்கிக் கொடுத்தான். பிறகு சரவணகுமார் கிடைத்தான். இருவரும் அம்பத்தூரில் வீடு பிடித்தார்கள். பொய் சொல்லாமல் உட்கார்ந்து சோறு தின்பது எவ்வளவு சுகம் என்று அப்போதுதான் தெரிந்தது.

அந்தச் சுகம்தான் வினையாயிற்று. பொங்கலுக்குக் கோட்டையூர் வந்தவன் அக்கா தேவிகாவிடம், "எனக்குப் பொண்ணு பாக்க வேணாம்க்கா. சரவணன்கூடத்தான் என் வாழ்க்கை" என்று சொல்லிவிட்டான். அக்கா அழுதாள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்றாள். புருஷனிடம் சொல்வதை எந்தப் பொம்பளை கணக்கில் சேர்த்திருக்கிறாள்?

சித்திரையில் அக்கா மகளுக்கு அரியக்குடியில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார்த்தித்தான் குத்த வேண்டும். அந்தப் பிள்ளைக்குச் சொந்தத் தாய்மாமன் இவன் ஒருத்தன்தான். தோடும் பட்டுப்பாவாடையும் வாங்கிக்கொண்டு, அழும் பிள்ளையை எப்படிச் சமாதானம் செய்வது என்று யோசித்துக்கொண்டே பஸ்ஸில் வந்தான்.

காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் அக்கா ஸ்கூட்டியோடு நின்றாள். பூ வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

"மாமியாருக்குத் தெரிஞ்சுபோச்சுடா. நீ மடியில வச்சா சபையை விட்டு எந்திருச்சுருவோம்ங்கிறாக. ஒனக்கு அம்மை போட்டிருக்கு, வரமாட்டேன்னு அம்மாகிட்ட, எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு. சித்தப்பா மகன் உடையப்பன் மடியிலதான் வைக்கப்போறோம்."

"நீ என்னக்கா சொல்ற?"

அவள் சீர்ப் பையை மட்டும் வாங்கிக்கொண்டு போனாள். அதற்கு எந்தக் குறையும் இல்லைபோல.

சென்னைப் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது அம்மா நாகவல்லி போன் செய்தாள். மேளச் சத்தத்தோடு, சுற்றி ஆட்கள் பேசுவதும் கேட்டது.

"எல்லாரும் ஒன்னையத்தான் கேக்குறாக. அம்மை எப்படிப்பா இருக்கு?"

அவன் வாயைத் திறக்குமுன் பிள்ளை வீறிட்டு அழுதது. குத்திவிட்டார்கள். அவனுக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"அம்மையெல்லாம் இல்லம்மா. காரைக்குடி பஸ் ஸ்டாண்டுலதான் நிக்கிறேன். அக்கா என்னையத் திரும்பிப் போகச் சொல்லிருச்சு. வரட்டுமா?"

அம்மா பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள்:

"வேப்பிலையை விரிச்சுப் படுத்துக்கப்பா. வெளிய எங்குட்டும் போயிராத."